மாஸ் 36: எதையெல்லாம் விட்டுவிட்டுச் செய்த துப்பாக்கி

முத்தியால்பேட்டையில் எங்கள் சின்னத் தாத்தா வீட்டில் ஒரு பித்தளை டார்ச் லைட் இருந்தது. கரண்ட் போன ராத்திரிகளில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்மூடியை உள்ளங்கையால் அழுத்தித் திருகுவார். ஸ்பிரிங் வெளியே வரும், அதைத் துணியில் துடைப்பார், மறுபடி மாட்டுவார். எல்லாம் இருட்டிலேயே நடக்கும்.

“இப்படித்தான் தம்பி குலாஸ் கழட்டணும். கண்ணு தேவையில்ல, கையே பாத்துக்கும்.”

குலாஸ் என்றால் துப்பாக்கியின் போல்ட். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்பக்கத்தை அடைத்து நிற்கும் உருளை. வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ, துப்பாக்கிக்கு அது அப்படி. பிரெஞ்சுச் சொல் தாத்தாவின் வாயில் தமிழாகியிருந்தது. அவர் சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து கைமாறியபோது அவர் ஊரில் இல்லை. இந்தோசீனாவில் இருந்தார், இன்றைய வியட்நாம் பக்கம். கையில் மாஸ் 36 துப்பாக்கி. ‘மாஸ் திராந்த் சீஸ்’ என்று ஒரே மூச்சில் சொல்வார்.

நான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மில்லிங் மெஷினில் நின்று பழகியவன். துப்பாக்கி மேல் எனக்கு மோகம் கிடையாது. ஆனால் ஒரு ஜாபைப் பார்த்ததும் இதற்கு எத்தனை செட்டிங், எந்த இடத்தில் கட்டர் நுழையாது, எதில் ரிஜெக்‌ஷன் வரும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தாத்தா சொன்னதை எல்லாம் வைத்துக்கொண்டு இந்தத் துப்பாக்கியின் அமைப்பைப் படிக்கப் படிக்க ஒன்று பிடிபட்டது. இதைச் சிக்கனமாகச் செய்தவர்கள் பொருளின் தரத்தில் கை வைக்கவில்லை. இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விட்டார்கள். விட்ட ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவர் தலையில் போய் உட்கார்ந்தது. அந்தத் தலைகளில் ஒன்று எங்கள் தாத்தாவுடையது. இந்த ஆய்வு அந்தக் கணக்கைப் பற்றியது.

அவசரத்தில் பிறந்த தோட்டா

கதை 1884-இல் தொடங்குகிறது. பால் வியேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதுவரை இருந்த கரிமருந்தைவிட இதற்குச் சக்தி அதிகம். சுட்டவன் எங்கே இருக்கிறான் என்று காட்டிக்கொடுக்கும் வெள்ளைப் புகையும் இல்லை. ஜெர்மனி முழித்துக்கொள்வதற்குள் இதற்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று பிரான்ஸ் பறந்தது. அப்படி வந்ததுதான் 1886 லெபெல். புகையில்லா மருந்தோடு ஒரு நாட்டுப் படை முழுவதற்கும் கொடுக்கப்பட்ட முதல் துப்பாக்கி.

அவசரத்தில் புதிய தோட்டா ஒன்றை அடியிலிருந்து வரைய நேரமில்லை. ஏற்கெனவே இருந்த 11 மில்லிமீட்டர் கிரா துப்பாக்கியின் தோட்டாக்கூட்டை எடுத்து, கழுத்தை நெருக்கி 8 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். அடி பருத்து, நுனி ஒடுங்கி, அடியில் அகலமான விளிம்போடு அது நின்றது. பார்த்தால் ஒரு சின்னப் பம்பரம் மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. லெபெல்லில் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய், அதில் எட்டுத் தோட்டா ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். ஆனால் காலம் போகப் போக எல்லா நாடுகளும் தோட்டாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி மேகசினுக்குப் போயின. இந்தப் பம்பர வடிவத் தோட்டாவை அடுக்கினால் நேராக நிற்காது, வளையும். ஒரு பக்கம் பருத்த டம்ளர்களைப் படுக்கையாக அடுக்கிப் பாருங்கள், அடுக்கு வட்டமாகத் திரும்பும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் செய்த ஷோஷா இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் அரைச் சந்திரன் வடிவில் இருந்ததற்குக் காரணம் இதுதான். ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்த ஒரு தோட்டா பிரெஞ்சு ஆயுத வடிவமைப்பாளர்களின் கையைக் கட்டிப் போட்டிருந்தது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில், ஜாபை இறுக்கிப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரைத் தப்பாகச் செய்துவிட்டால், அதற்கு ஏற்றபடி அடுத்தடுத்த எல்லா ஆபரேஷனையும் வளைத்துக்கொண்டே போவோம். அது மாதிரி.

இடையில் பெர்தியே துப்பாக்கி வந்தது. அது மூன்று தோட்டா, பிறகு 1916-இல் ஐந்து தோட்டா பிடிக்கும் பெட்டி மேகசின் கொண்டது. இதில் நம் பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சேதி உண்டு. பெர்தியேவின் நீளத் துப்பாக்கி வடிவம் முதலில் போனது காலனிப் படைகளுக்கு. 1902-இல் இந்தோசீனப் படைகளுக்கு, 1907-இல் செனகல் படைகளுக்கு. பிரான்ஸின் சொந்தக் காலாட்படை அப்போதும் லெபெல்லோடுதான் இருந்தது.

முதலில் தோட்டா, அப்புறம் துப்பாக்கி

முதல் உலகப் போர் முடிந்தபோது பிரான்ஸ் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குக் கொஞ்ச தூரத்தில் நிற்கிற நினைவுச் சின்னம் அந்தப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது. கிடங்கில் லட்சக்கணக்கான பழைய லெபெல், கஜானாவில் பணம் இல்லை.

இந்த இடத்தில் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கிறது. துப்பாக்கியைத் தொடவில்லை. முதலில் தோட்டாவை மாற்றினார்கள். 1924-இல் விளிம்பில்லாத, நேரான 7.5 மில்லிமீட்டர் தோட்டா வந்தது. அதைச் சுடும் இலகு இயந்திரத் துப்பாக்கியை ஷாத்தெல்ரோ ஆலையில் செய்தார்கள். ஒரு சிறு படைக்குழுவின் பலம் அதன் இயந்திரத் துப்பாக்கியில்தான், மற்றவர்கள் அதைக் காப்பாற்றவும் அதற்குத் தோட்டா சுமக்கவும் இருப்பவர்கள் என்பது போரில் அவர்கள் கற்ற பாடம். அதனால் இருந்த காசு முதலில் அதற்குப் போனது. காலாட்படைத் துப்பாக்கி வரிசையில் பின்னால் நின்றது.

புதிய தோட்டாவிலும் ஒரு வினை இருந்தது. அதன் தோட்டாக்கூட்டின் நீளம் 58 மில்லிமீட்டர். ஜெர்மன் மௌசர் துப்பாக்கியின் தோட்டாக்கூடு 57. கைப்பற்றிய ஜெர்மன் ஆயுதங்களும் தோட்டாக்களும் அப்போது பிரெஞ்சுப் படையிடம் புழங்கின. ஜெர்மன் தோட்டா பிரெஞ்சுத் துப்பாக்கியின் அறைக்குள், குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் இடத்துக்குள், போய் உட்கார்ந்துவிடும். ஆனால் அதன் குண்டு பருமனானது. சிறிய குழலுக்குள் பெரிய குண்டை வெடிமருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விபத்துகள் நடந்தன. 1929-இல் கூட்டை 54 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். இனி தப்பான தோட்டா உள்ளேயே போகாது. “கவனமாக இரு” என்று போர்டு எழுதி மாட்டாமல், தப்பு நடக்கவே முடியாதபடி அளவை மாற்றினார்கள். மெஷின் ஷாப்பில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இதே ஆட்கள் பிறகு சில இடங்களில் இந்த வழியை விட்டு விலகியதையும் பார்க்கப் போகிறோம்.

1936 மார்ச்சில் துப்பாக்கி ஏற்கப்பட்டது. செய்தது சாந்த் எத்தியென் அரசு ஆயுத ஆலை. அதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள்தான் மாஸ். ரிப்பன் நெசவும் சைக்கிளும் ஆயுதமும் செய்து பெயர் வாங்கிய ஊர் அது. கோயம்புத்தூர் மாதிரி, பட்டறை சுற்றி வளர்ந்த ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாஸ் 36 முன்வரிசைக்காக நினைத்த துப்பாக்கி அல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்கத் தேவையில்லாத அரைத் தானியங்கித் துப்பாக்கியை முன்வரிசைக்குக் கொடுப்பதுதான் திட்டம். 1917-இலேயே அப்படி ஒன்றைப் போர்க்களத்தில் இறக்கிப் பார்த்தவர்கள் அவர்கள். மாஸ் 36 பின்வரிசைக்கும் ரிசர்வ் படைக்கும் என்று வரையப்பட்டது. லட்சக்கணக்கில் செய்ய வேண்டும், சீக்கிரம் செய்ய வேண்டும், குறைந்த பயிற்சி உள்ளவன் கையிலும் வேலை செய்ய வேண்டும். அதனால்தான் அத்தனை சிக்கனம்.

மெஷினில் நின்று பார்த்தால்

அந்தக் காலத்தின் பெரிய அளவுகோல் ஜெர்மன் மௌசர். அதன் போல்ட்டின் முன்முனையில் இரண்டு பிடிகள் துருத்தி நிற்கும். போல்ட்டைத் தள்ளித் திருப்பினால் அவை குழலுக்குச் சற்றுப் பின்னால் உள்ள காடிகளில் போய் மாட்டிக்கொள்ளும். வெடிப்பின் முழு உதையையும் தாங்குவது அந்த இரண்டு பிடிகள்தான். உறுதியில் அதை மிஞ்ச முடியாது.

ஆனால் அந்தக் காடியை வெட்டுகிறவன் நிலையை யோசியுங்கள். ஆழமான துளைக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உள்சுவரில் காடி எடுக்க வேண்டும். டூல் நீளமாக இருந்தால் அதிரும். சிம்பு எளிதில் வெளியே வராது, கூலன்ட் சரியாகப் போய்ச் சேராது. அளவு பார்க்க வெர்னியர் நுழையாது, தனியாக ஒரு கேஜ் செய்துகொள்ள வேண்டும். நான் பம்பு உறைகளில் உள்காடி எடுத்திருக்கிறேன். ஒரு நாளில் பத்து நல்ல பீஸ் எடுத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

மாஸ் 36-இல் அந்த இரண்டு பிடிகளையும் போல்ட்டின் பின்முனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேகசினுக்குப் பின்னால், உடம்பு தடித்திருக்கும் இடத்தில் அவை மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் திறந்திருப்பதால் டூல் எளிதாக நுழையும். அளவு பார்ப்பது எளிது. வீரன் துணி விட்டுத் துடைப்பதும் எளிது. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன்களில் வெகுகாலம் நின்ற த்ரீ நாட் த்ரீயிலும் பிடிகள் பின்னால்தான். அதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

இதற்கு ஒரு விலை உண்டு. பிடி பின்னால் போனால், வெடிக்கும்போது போல்ட்டின் முழு நீளமும் அமுங்கும். மயிரிழை அளவுதான், ஆனாலும் அமுங்கும். அதைத் தாங்க உடம்பைத் தடியான ஒரே கட்டியாகச் செய்தார்கள். எஃகு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் மெஷின் நேரம் மிச்சம். எங்கள் தொழிலில் எப்போதும் இரும்பைவிட நேரத்துக்குத்தான் விலை அதிகம்.

போல்ட்டைத் திருப்பும் கைப்பிடி முன்பக்கமாக வளைந்து, அடிபட்ட கோழிக்கால் மாதிரி விகாரமாக இருக்கும். படத்தில் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். காரணம் எளிது. பிடி பின்னால் போனதால் கைப்பிடியும் பின்னால் போய்விட்டது. அப்படியே விட்டிருந்தால் சுடுகிறவனின் கைக்கு மிகவும் பின்தங்கி இருக்கும். அதனால் வளைத்து விசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். அழகுக்காக மறுபடி வரையவில்லை, வளைத்தார்கள், முடிந்தது.

போல்ட்டில் உள்ள பாகங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். உருளை, தோட்டாவின் அடியில் அடித்து வெடிக்க வைக்கும் ஊசி, ஸ்பிரிங், பின்மூடி, வெற்றுக் கூட்டை இழுக்கும் கொக்கி. கழற்ற ஸ்குரூ டிரைவர் கூட வேண்டாம். பின்மூடியை அழுத்தித் திருகினால் ஊசியும் ஸ்பிரிங்கும் கையில் வந்துவிடும். தாத்தாவின் டார்ச் இங்கேதான் வருகிறது. போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து உருவுவதற்கும் தனித் தாழ் கிடையாது. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் வந்துவிடும். விசைப் பாகமே போல்ட்டை நிறுத்தும் தடையாகவும் வேலை செய்கிறது. ஒரு பாகத்துக்கு இரண்டு வேலை. இப்படி ஒவ்வொரு பாகம் குறையும்போதும் ஒரு வரைபடம், ஒரு ஃபிக்ஸ்சர், ஒரு கேஜ், ஒரு பரிசோதனை ஆள் எல்லாம் சேர்ந்து குறைகிறது.

மரப் பாகமும் இரண்டு துண்டு. தோளில் பதியும் கட்டை தனி, குழலைத் தாங்கும் முன்கட்டை தனி, நடுவில் எஃகு உடம்பு. ஒரே துண்டாகச் செய்ய வேண்டுமென்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு முடிச்சில்லாத, முறுக்கில்லாத மரம் வேண்டும். துண்டுபோட்டால் சின்ன மரமும் பயன்படும். நம் ஆசாரிகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

முடிந்த துப்பாக்கி ஏறக்குறைய 3.7 கிலோ, ஒரு மீட்டரைவிடக் கொஞ்சம் நீளம். லெபெல்லோடு ஒப்பிட்டால் ஒரு சாணுக்கும் மேல் குறைவு. ஐந்து தோட்டா.

விட்டுவிட்டவை

இப்போது அந்த இன்னொரு பக்கம்.

மாஸ் 36-இல் சேஃப்டி கிடையாது. தவறுதலாக விசை அழுந்தினால் சுடாமல் தடுக்கும் சின்ன நெம்புகோல், அது இல்லை. மறந்து விட்டதல்ல, வேண்டாம் என்று விட்டது. பிரெஞ்சுப் படையின் பழைய பழக்கம் அது, லெபெல்லிலும் கிடையாது. மேகசினில் தோட்டா இருக்கலாம், அறைக்குள் இருக்கக் கூடாது. சுட வேண்டிய நேரம் வந்தால் போல்ட்டை இழுத்து ஏற்றிக்கொள் என்பது விதி.

ஆலையின் கணக்கில் இரண்டு மூன்று சிறு பாகங்கள் மிச்சம். அந்தப் பாகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையை இப்போது யார் செய்கிறார்கள்? வீரனின் ஞாபகம் செய்கிறது. ஐரோப்பாவின் திறந்த வயல்களில், பகைவன் ஐந்நூறு மீட்டரில் தெரியும் இடத்தில், அந்த விதி சரிப்பட்டு வரும். இந்தோசீனாவின் நாணல் காட்டிலும் வயல் வரப்பிலும்?

“ராத்திரியில போல்ட்ட இழுத்தா அந்தச் சத்தம் எவ்ளோ தூரம் கேக்கும் தெரியுமா தம்பி? தவளச் சத்தமே நின்னு போயிடும். இழுக்காம போனா, எதிர்ல ஆள் வந்துட்டான்னா என்ன பண்றது?”

அப்போ நீங்க என்ன பண்ணீங்க தாத்தா என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. டார்ச்சின் மூடியை மாட்டினார்.

குறிபார்க்கும் அமைப்பிலும் இதே கதை. பின்னால் கண்ணுக்குப் பக்கத்தில் சின்னத் துளை, முன்னால் ஒரு முள். துளை வழியாகப் பார்க்கும் முறை, லெபெல்லின் திறந்த காடியைவிட வேகமானது, துல்லியமானது. புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கற்றுக்கொடுப்பதும் சுலபம். இதில் காசு பார்க்காமல் நல்லதைத் தேர்ந்தார்கள். தூரத்துக்கு ஏற்ப 200 மீட்டரிலிருந்து 1200 மீட்டர் வரை ஏற்றி இறக்கவும் வசதி உண்டு. ஆனால் இடம் வலமாக நகர்த்தும் திருகு இல்லை. குண்டு ஒரு விரற்கடை இடப்பக்கம் போகிறதென்றால், வீரனால் ஒன்றும் செய்ய முடியாது. படையின் ஆயுதப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே துளை கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், கொஞ்சம் மேல், கொஞ்சம் கீழ் என்று தள்ளித் தள்ளி இடப்பட்ட தகடுகள் இருக்கும். பொருந்துகிற தகட்டை எடுத்து மாட்டுவார்கள்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் செலக்டிவ் அசெம்ப்ளி. திருகி அட்ஜஸ்ட் பண்ணும் பாகம் விலை அதிகம், ஆடிப்போகவும் செய்யும். பதிலாக நாலைந்து அளவில் செய்து வைத்துக்கொண்டு பொருத்தமானதை மாட்டு. கெட்டிக்காரத்தனமான வழிதான், அதில் சந்தேகமே இல்லை. பேரிங் மாட்டும்போது நாங்களும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் அது பட்டறையும் தகட்டுப் பெட்டியும் பக்கத்தில் இருக்கும்வரை மட்டும். காட்டுக்குள் பத்து நாள் நடக்கிறவனுக்கு அந்தப் பட்டறை பக்கத்தில் இல்லை.

குழல் துடைக்கும் கம்பியும் கிடையாது. பல நாட்டுத் துப்பாக்கிகளில் அது குழலுக்குக் கீழே செருகியிருக்கும். இதில் அந்த இடத்தில் பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டிக் குத்தும் ஆயுதம், உட்கார்ந்திருக்கிறது. துடைக்கக் கயிறுதான், அது வீரனின் பையில்.

பயனெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கத்தி இல்லை, ஏறக்குறைய ஒன்றரை அடி நீளக் கூர்முனைக் கம்பி. பட்டை தீட்டவேண்டிய வேலை இல்லாததால் செய்வது மலிவு. அது தலைகீழாகக் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் செருகியிருக்கும். வேண்டும்போது உருவித் திருப்பிச் செருகினால் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். இடுப்பில் உறை தேவையில்லை, தோல் மிச்சம், வார் மிச்சம். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது.

ஆனால் அதில் யாரும் எதிர்பாராத ஒரு கோளாறு. பயனெட்டை இரண்டு திசையிலும் செருக வேண்டும் என்பதால் பூட்டும் இரண்டு திசைக்கும் பொருந்த வேண்டும். ஒரு துப்பாக்கியில் நீட்டிய பயனெட்டை, பயனெட் எடுத்துவிட்ட இன்னொரு துப்பாக்கியின் வெற்றுக் குழாயில் செருகினால், இரண்டும் வாயோடு வாய் பூட்டிக்கொள்ளும். விடுவிக்கும் பொத்தான் இரண்டு குழாய்களுக்குள்ளும் மறைந்துவிடும். இழுத்தால் வராது. வேலையில்லாத சாயங்காலத்தில் இருபது வயசுப் பையன்கள் கையில் இரண்டு துப்பாக்கி இருந்தால் இதைச் செய்து பார்க்காமல் விடுவார்களா? பின்னால் வந்த பயனெட்டுகளில் இதைத் திருத்தினார்கள். தப்பான தோட்டா போகாதபடி அளவை மாற்றிய அதே புத்தி இங்கே பத்து வருஷத்துக்கு மேல் தாமதித்து வந்தது.

மலிவு பலவிதம். 1941-இல் பிரிட்டன் ஸ்டென் துப்பாக்கியைக் குழாயும் தகடும் வெல்டிங்குமாகச் செய்தது. ஜப்பான் போரின் கடைசி நாட்களில் அரம் போடாத, பாதி முடிந்த துப்பாக்கிகளை அனுப்பியது. அவை இரண்டும் கழுத்தில் கத்தி நின்றபோது வந்த சிக்கனம். மாஸ் 36 அமைதிக் காலத்தில், மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக யோசித்து விட்டது. அதனால் அதில் எதுவும் ஒழுங்கற்று இல்லை. எஃகு எஃகாக இருக்கிறது, அளவு அளவாக இருக்கிறது. இதனாலேயே விட்டவற்றுக்கான பொறுப்பும் அவர்களுக்குக் கூடுதல் என்று நினைக்கிறேன்.

1940

துப்பாக்கி நல்லது. ஆனால் வரவில்லை.

ஏற்றது 1936-இல், உற்பத்தி சூடுபிடித்தது 1937 கடைசிக்குப் பிறகு. ஜெர்மனி உள்ளே வந்த 1940 கோடையில் சுமார் இரண்டரை லட்சம்தான் தயாராகியிருந்தன. பிரெஞ்சுப் படையோ பல பத்து லட்சம் பேர். பெரும்பாலானவர்கள் தாத்தாக்கள் தூக்கிய லெபெல்லையும் பெர்தியேவையும் தூக்கினார்கள். பழையவற்றுக்கு 8 மில்லிமீட்டர், மாஸ் 36-க்கு 7.5 என்பதால் ஒரே படையில் இரண்டு விதத் தோட்டாச் சப்ளை. முன்வரிசைக்கு என்று வைத்திருந்த அரைத் தானியங்கித் துப்பாக்கி, மாஸ் 40, 1940-இல்தான் ஏற்கப்பட்டது. கைக்கு வரவே இல்லை. பின்வரிசைக்கென்று வரைந்ததே முன்வரிசைக்குப் போனது. பாராசூட் வீரர்களுக்காக அலுமினியக் கட்டை மடங்குகிற சிஆர் 39 என்ற வடிவம்கூடச் செய்து வைத்திருந்தார்கள்.

சிக்கனமான வடிவமைப்பின் நோக்கமே வேகமாக, நிறையச் செய்வது. தோட்டாவிலிருந்து துப்பாக்கிக்கு வரப் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டதால் அந்த நோக்கம் போய்விட்டது. இதை வடிவமைத்தவர்கள் மேல் போட மாட்டேன். பணம் கோட்டைகளுக்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் போனபோது துப்பாக்கி காத்திருந்தது.

கைப்பற்றியவற்றை ஜெர்மானியர்கள் ‘கெவெர் 242’, அதாவது துப்பாக்கி 242, என்று தங்கள் பட்டியலில் எழுதிக்கொண்டார்கள். அதே 1940 செப்டம்பரில் புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன், ஜெர்மனிக்குப் பணியாத தளபதி தெ கோலின் ‘சுதந்திர பிரான்ஸ்’ பக்கம் சேர்ந்தார்.

சைகோன், பிறகு

பிரான்ஸ் விடுபட்டதும் சாந்த் எத்தியென் ஆலை மறுபடி மாஸ் 36 செய்யத் தொடங்கியது. 1950-களின் தொடக்கம்வரை செய்தது. மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். அதன் பெரும் போர் ஐரோப்பாவில் நடக்கவில்லை, இந்தோசீனாவில் 1946 முதல் 1954 வரை நடந்தது. ரிசர்வ் படைக்கு என்று பிரான்ஸில் வரைந்த துப்பாக்கியை வியட்நாம் சேற்றில் தூக்கியவர்களில் மொராக்கோக்காரர்கள், அல்ஜீரியர்கள், செனகல்காரர்கள், வியட்நாமியர்கள், நம் புதுச்சேரி, காரைக்கால் பிள்ளைகள் எல்லோரும் உண்டு.

தாத்தா அந்தத் துப்பாக்கியைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. தண்ணீரில் விழும், சேற்றில் புதையும், எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு இழுத்தால் போல்ட் வரும் என்பார். முன்னால் காடி இல்லாததால் மண் போய் அடைவதற்கு இடமில்லை என்று நான் விளக்கினேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது, வரும்” என்றார். அவருக்குக் கோபம் எடையில்தான். ஐம்பது கிலோவுக்கு மேல் தேறாத உடம்பு. அதில் நாலு கிலோ துப்பாக்கி, தோட்டாப் பை, அப்புறம் குழுவின் இயந்திரத் துப்பாக்கிக்கான தோட்டா. அந்த இயந்திரத் துப்பாக்கிக்கும் இதே 7.5 தோட்டாதான் என்பதால் யாரும் யாருக்கும் சுமக்கலாம். ஒரே தோட்டா என்ற நல்ல முடிவின் கனத்தை அவர் தோள் அறிந்திருந்தது.

1954 மே 7-இல் வியட்நாமில் தியன் பியன் பூ என்ற பிரெஞ்சுப் படைத்தளம் விழுந்தது. தாத்தா அங்கே இல்லை, தெற்கே இருந்தார். பிறகு அல்ஜீரியா. அதற்குள் மாஸ் 49 என்ற அரைத் தானியங்கி வரத் தொடங்கிவிட்டது. மாஸ் 36 மெல்ல ரிசர்வ் கிடங்குக்கு, அது முதலில் போயிருக்க வேண்டிய இடத்துக்குப் போனது. 1978-இல் ஃபமாஸ் என்ற தானியங்கித் துப்பாக்கி வந்து எல்லாவற்றையும் மாற்றியது.

ஆனால் போல்ட் சாகவில்லை. 1960-களின் நடுவில் பிரெஞ்சுப் படைக்குக் குறிசுடும் துப்பாக்கி தேவைப்பட்டபோது மாஸ் 36-இன் பின்பிடி அமைப்பையே எடுத்து வலுப்படுத்தி எஃப்ஆர் எஃப்1 செய்தார்கள். பின்பிடி துல்லியத்துக்கு ஆகாது என்று புத்தகக் கணக்கு சொல்லும். நல்ல கனமான குழலும் கவனமான வேலையும் சேர்ந்தபோது அது தலைசிறந்த குறிசுடும் துப்பாக்கிகளில் ஒன்றானது. அதன் அடுத்த வடிவம் எஃப்ஆர் எஃப்2, 2010-கள்வரை பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தது. மெஷின் நேரம் மிச்சப்படுத்த 1930-களில் எடுத்த ஒரு முடிவு எண்பது வருஷம் ஓடியிருக்கிறது. சாந்த் எத்தியென் ஆலை மூடப்பட்டுவிட்டது. அதன் வளாகத்தில் இப்போது ஒரு வடிவமைப்பு மையம் இயங்குகிறது.

தாத்தா கடைசி இரண்டு வருஷம் ஆட்களை மறந்துவிட்டார். என்னைச் சில நாள் அவருடைய தம்பி என்று நினைப்பார், சில நாள் யாரென்றே தெரியாது. சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்தால், உட்காரும் முன் மூலையில் இருக்கும் கைத்தடியை எடுப்பார். அதன் மேல் வலது கையை வைத்து, இல்லாத ஒன்றைத் தூக்கிப் பின்னால் இழுப்பார். குனிந்து பார்ப்பார். அப்புறம் சுண்டு விரலை நீட்டி, அங்கே இருக்க வேண்டிய அறைக்குள் விட்டுத் தடவுவார். காலி என்று உறுதியானதும் தடியைச் சுவரோடு சாய்த்துவிட்டு உட்காருவார். அம்மா காப்பி கொண்டுவந்து கொடுப்பாள்.